பங்குனி ஆமைகளின் காவலர்கள்

சனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடச் சென்னைக் கடற்கரைக்கு வருகின்றன. ஒரு குழியில் ஏறக்குறைய நூறு முட்டைகளை இட்டு, மணலால் மூடிவிட்டு, தாய் ஆமை திரும்பிப் பாராமல் கடலுக்குப் போய்விடும். (என்ன தாயோ என்று நமக்குத் தோன்றலாம்!)

முட்டைகளை நாய்கள் தோண்டித் தின்னும். தப்பிப் பொரிக்கும் குஞ்சுகளையோ வெளிச்சம் ஏமாற்றுகிறது. இரவில் வெளிச்சமான பக்கமே கடல் என்பது அவற்றின் இயற்கை அறிவு. நாம் ஏற்றும் தெருவிளக்குகள் கடலைவிடப் பிரகாசமானவை. ஆகவே சாலையை நோக்கி ஊர்ந்து மாண்டு போகின்றன.

இதைத் தடுக்க 1988-இல் மாணவர்களே ஓர் அமைப்பைத் தொடங்கினர். அவர்கள் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து, ஆமையின் தடம் பார்த்து, முட்டைகளை எடுத்து வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைக்கின்றனர். பொதுமக்களையும் உடன் அழைத்துச் செல்கின்றனர். 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். முட்டை எத்தனை, குஞ்சு எத்தனை என்று ஒவ்வோர் ஆண்டும் கணக்கு எழுதுகின்றனர். எங்களுக்கு மிகவும் வியப்பளித்த செய்தி, மணலின் சூடு மிகுந்தால் பெண் குஞ்சுகளே மிகுதியாகப் பிறக்கும் என்பதாகும்.

ஆனால் கரையில் காவல் காத்தால் போதுமா? ஆமைக்கு இருப்பதும் நம்மைப் போல் நுரையீரலே. இழுவலையில் சிக்கினால் மேலே வந்து மூச்சு விட முடியாமல் மூழ்கி இறக்கும். 2025 சனவரியில் சென்னையிலும் அதைச் சுற்றிய கடற்கரைகளிலும் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஆமை தப்பிச் செல்ல வலையிலேயே வழி அமைக்கும் கருவி ஒன்று இருக்கத்தான் செய்கிறது.