உங்களுக்குத் தெரியுமா?

1932 இலையுதிர்காலம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஊரில் இருந்த சிறுமியர் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து இரண்டே வாரத்தில் 14 பேர் ஓடிப்போனார்கள். அங்கே பணியாற்றிய மனநல மருத்துவர் ஜேக்கப் மொரினோவும் அவருடன் பணியாற்றிய ஹெலன் ஜென்னிங்ஸும் பள்ளியிலிருந்த ஒவ்வொரு சிறுமியிடமும் கேட்ட கேள்வி எளிமையானது: "யாரோடு ஒரே விடுதியில் இருக்க உனக்குப் பிடிக்கும்?" பதில்களை வட்டங்களும் கோடுகளுமாக வரைந்தார்கள். ஓடிப்போனவர்களை அந்தக் கோடுகள் சங்கிலியாகக் கோத்துக் காட்டின! யாரை எங்கே தங்கவைப்பது என்பதற்கு அந்த வரைபடமே வழிகாட்டியானது. வெளியுலகில் பேசிப் பழகும் விதத்தை நடித்துப் பார்க்கும் பயிற்சியும் சிறுமிகளுக்கு அளிக்கப்பட்டது. ஆனால், கறுப்பினச் சிறுமிகளுக்கு அங்கே அப்போது தனி விடுதிதான். 1933-இல் அப்பள்ளிக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருத்தி, பின்னாளில் ஜாஸ் இசையின் ராணியான எலா ஃபிட்ஸ்ஜெரால்டு.