அரக்கைக் கரைக்க எந்த ஆல்கஹால்?

ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன். தவறு என்னுடையதுதான்.

படிவம் ஐந்து மாணவன் ஒருவன் தன் தாத்தாவின் பழைய கிளாசிக்கல் கித்தாரைக் கொண்டு வந்தான். வலது கை படும் இடத்தில் மெருகு முழுக்கத் தேய்ந்து, மரம் தெரிந்தது. பழைய மெருகு ஷெல்லாக், அதாவது நம் அரக்கு. பாரதக் கதையில் பாண்டவர்களுக்குக் கட்டிய அரக்கு மாளிகை நினைவிருக்கிறதா? அதே அரக்குதான். இந்தியாவிலும் தாய்லாந்திலும் மரக்கிளைகளில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின். அதைச் சுத்தம் செய்து மெல்லிய செதில்களாக விற்கிறார்கள். ஆல்கஹாலில் கரைத்துத் துணிப்பந்தால் தேய்த்தால் மிக மெல்லிய படலமாகப் படியும். கித்தாரின் மேற்பலகை அதிர்வதை அது அதிகம் தடுக்காது.

செதில் கிடைத்துவிட்டது. ஆல்கஹாலுக்கு என்ன செய்வது? பக்கத்து மருந்துக்கடையில் காயம் துடைக்கும் ஆல்கஹால் ஒரு போத்தல் வாங்கிட்டு வந்தேன். எல்லாம் ஒன்றுதானே என்று நினைப்பு. செதில் சரியாகக் கரையவே இல்லை. வடிகட்டித் தேய்த்துப் பார்த்தோம். அரைமணி நேரத்தில் மெருகு முழுக்கப் பால் சிந்தியதுபோல் வெள்ளை படர்ந்தது. "சார், தாத்தா பார்த்தா என்ன சொல்வாரு?" என்றான் பையன். எனக்கு வாயடைத்துப் போனது.

பிறகுதான் போத்தலின் சீட்டைப் படித்தேன்: ஐசோபுரோப்பில் ஆல்கஹால், 70 விழுக்காடு. மீதி 30 விழுக்காடு வெறும் தண்ணீர். அரக்கு தண்ணீரில் கரையாது. ஆல்கஹால் முதலில் ஆவியாகிப் போக, பின்தங்கும் நீர் படலத்துக்குள் சிக்கி வெள்ளையாகத் தெரிகிறது. ஆகவே, போத்தலில் எந்த ஆல்கஹால் என்று பார்ப்பதற்கு முன் எவ்வளவு தண்ணீர் என்று பாருங்கள்.

இதற்கு ஏற்றது 95 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட எத்தனால். அரக்கை நன்றாகக் கரைக்கும், மிதமான வேகத்தில் உலரும். 99 விழுக்காட்டு ஐசோபுரோப்பிலும் உதவும். ஆனால் மெதுவாக ஆவியாகும், துணிப்பந்து இழுபடும். மெத்தனால் வேகமாகக் கரைக்கும். இருந்தாலும் அது வேண்டவே வேண்டாம். உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும். குடித்தால்தான் ஆபத்து என்று எண்ணாதீர்கள். ஆவியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போகும். வன்பொருள் கடைகளில் கிடைக்கும் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டிலும் மெத்தனால் கலந்திருக்கலாம், அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். வாங்கும் முன் அதன் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேளுங்கள். மெத்தனால் அதிகம் என்றால் வைத்துவிட்டு வாருங்கள். எதைப் பயன்படுத்தினாலும் கையுறை போட்டு, சன்னலைத் திறந்து வையுங்கள். எத்தனால் ஆவி நம் அறை வெப்பத்திலேயே தீப்பற்றும். அடுப்புப் பக்கமே போகக்கூடாது.

சீட்டில் நம்பிக்கை இல்லையா? வேதியியல் ஆய்வகத்தில் நீரற்ற செம்பு சல்பேட் இருக்கும். நீர் பட்டால் வெள்ளை நீலமாகும் என்று மாணவர்கள் உடனே சொல்வார்கள். ஆனால் இங்கு அது பயன்படாது: 5 விழுக்காடு நீருக்கும் நீலம், 30 விழுக்காடு நீருக்கும் நீலம். தராசுதான் நல்லது. 100 மில்லிலிட்டரை அளந்து நிறுங்கள். 95 விழுக்காட்டு எத்தனால் ஏறத்தாழ 81 கிராம் இருக்கும். 70 விழுக்காடு என்றால் 88 கிராமை ஒட்டி வரும். ஒன்று மட்டும் கவனம்: மெத்தனாலின் அடர்த்தியும் எத்தனாலின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்றே. தராசு நீரைக் காட்டிக் கொடுக்கும், நஞ்சைக் காட்டாது.

அளவு எளிது. 50 மில்லிலிட்டருக்கு 12 கிராம் செதில். கண்ணாடிப் போத்தலில் போட்டு, அவ்வப்போது குலுக்கி, ஓர் இரவு விட்டு, மெல்லிய துணியில் வடிகட்டினால் போதும். இரும்பு டின் வேண்டாம், கரைசல் கறுத்துப் போகும்.

போத்தலில் கலந்த தேதியை எழுதி வையுங்கள். படிவம் ஐந்தில் ஆல்கஹாலும் கார்பாக்சிலிக் அமிலமும் சேர்ந்து எஸ்டர் ஆவதைப் படிக்கிறீர்கள் அல்லவா? அரக்கில் அந்த அமிலங்கள் இருக்கின்றன. போத்தலுக்குள் அதே வினை மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். அப்படிப் பழையதான கரைசலைப் பூசினால் எத்தனை நாளானாலும் பிசுபிசுக்கும். ஆறு மாதம் கடந்திருந்தால் ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டு, மறுநாள் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

நம் ஊர் ஈரப்பதத்தையும் மறக்கக்கூடாது. ஆல்கஹால் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது; மழை நேரத்தில் காற்றின் ஈரம் அதில் வந்து படியும். நல்ல எத்தனால் வைத்திருந்தாலும் வெள்ளை பூக்கும்.

அந்தக் கித்தாரை ஒரு வாரம் உலர விட்டோம். பிறகு வெயில் நன்றாக அடித்த ஒரு காலையில், 95 விழுக்காட்டு எத்தனாலில் லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் ஒரே திசையில் மெல்லத் தடவினேன். அரக்கு காய்ந்த பிறகும் ஆல்கஹாலில் மீண்டும் இளகும் என்பதால், சிக்கியிருந்த ஈரம் வெளியேறி வெள்ளை மறைந்தது. அதே குணத்தால்தான் கிருமிநீக்கி தடவிய கையோடு அந்தக் கித்தாரைத் தொடக்கூடாது என்று பையனிடம் சொல்லி அனுப்பினேன்.