முப்போட்டி வீரரின் பனிக்காலப் பயிற்சி

நீந்துதல், சைக்கிள் மிதித்தல், ஓடுதல் ஆகிய மூன்றையும் நடுவில் இளைப்பாறாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிக்கும் விளையாட்டுக்கு மேனாட்டார் டிரையத்லான் என்று பெயரிட்டனர். தமிழில் முப்போட்டி எனலாம். அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், மிஷன் வளைகுடாக் கரையில், 1974ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் நடந்த பந்தயமே இன்றைய முப்போட்டியின் தொடக்கம் என்பர். 2000ஆம் ஆண்டு சிட்னியில் அது ஒலிம்பிக் விளையாட்டுகளுள் ஒன்றாயிற்று. அங்கு வகுக்கப்பட்ட தூரம் ஒன்றரைக் கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம் ஆகும். வல்லவர்கள் இத்தனையையும் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுகின்றனர்.

போட்டி நாளில் அவர்கள் காட்டும் திறமையை எல்லாரும் காண்கின்றனர். அத்திறமை உருவாகும் காலமோ எவர் கண்ணிலும் படுவதில்லை. ஈண்டு நாம் ஆராயப் புகுவது அக்காலத்தையே.

ஐரோப்பாவின் வடபகுதியில் இப்பந்தயங்கள் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரையில் நடைபெறுவன. நவம்பர் பிறந்தால் ஏரிகள் குளிர்ந்துவிடும். சாலைகளில் உறைபனி படியும். இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் வட்டாரத்தைச் சேர்ந்த லீட்ஸ் நகரை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் புகழ்பெற்ற முப்போட்டி வீரர்கள் பலர் பயின்ற ஊர் அது. டிசம்பர் இறுதியில் அங்கே கதிரவன் காலை எட்டு மணிக்குமேல் எழுந்து, மாலை நான்கு மணி அடிக்குமுன் மறைந்துவிடுகிறான். அலுவலுக்குச் செல்பவர் வீட்டைவிட்டுப் புறப்படும்போதும் இருட்டு; திரும்பும்போதும் இருட்டு. கோடையில் வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் பயின்ற ஒருவர் இந்த நான்கு மாதங்களில் என்ன செய்வது?

இருவகையார் இதற்கு இருவகை விடை காண்கின்றனர். பந்தயம் முடிந்தது, இனி வசந்தம் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று சைக்கிளைச் சுவரில் மாட்டிவிடுவோர் ஒருவகை. எதிராளி உறங்கும்போது நான் உழைப்பேன் என்று கோடையில் செய்ததையே இருட்டிலும் பனியிலும் தொடர்ந்து செய்வோர் மற்றொரு வகை. பயிற்சியாளருக்குப் பெரிய தலைவலி இரண்டாம் வகையார்தாம். சோம்பியிருப்பவரைத் தட்டி எழுப்பிவிடலாம்; ஆர்வம் மிகுந்தவரைப் பிடித்து நிறுத்துவது எளிதன்று.

முதலில், பயிற்சியை அடியோடு நிறுத்தினால் உடலில் என்ன நிகழ்கிறது என்று காண்போம். அமெரிக்க உடலியல் அறிஞர் எட்வர்டு காயிலும் அவருடைய குழுவினரும் 1984ஆம் ஆண்டு இதுபற்றி ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். பல ஆண்டுகள் ஓட்டத்திலும் சைக்கிளிலும் பயின்ற எழுவர் 84 நாட்கள் பயிற்சியை நிறுத்தி வைத்தனர். உடல் ஒரு நிமிடத்தில் உட்கொண்டு பயன்படுத்தக்கூடிய பிராணவாயுவின் உச்ச அளவே நெடுநேர உழைப்புக்கு அடிப்படை. அவ்வளவு முதல் மூன்று வாரங்களில் 7 விழுக்காடு குறைந்தது. 56 நாட்களில் 16 விழுக்காடு குறைந்து, பிறகு அங்கேயே நின்றுவிட்டது. முதல் பன்னிரண்டு நாட்களிலேயே ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் வெளியேற்றும் குருதியின் அளவு சுருங்கிவிட்டது. பயிற்சியால் பெருகியிருந்த குருதியின் நீர்ப்பகுதி விரைவில் வற்றிவிடுவதே இதற்குப் பெரிய காரணம். ஆனால் தசைகளுக்குள் பல ஆண்டுப் பயிற்சியால் பெருகியிருந்த மிக நுண்ணிய குருதிக் குழாய்கள் 84 நாட்கள் கழிந்தும் குறையவேயில்லை!

இதிலிருந்து நாம் அறிவது, உடல் தான் ஈட்டியவற்றை ஒரே வேகத்தில் இழப்பதில்லை என்பதாம். விரைவில் போவன சில; போக மறுப்பன சில. விரைவில் போனவை பெரும்பாலும் விரைவில் திரும்பியும் வருகின்றன. ஆதலின் இலையுதிர்காலத்தில் இரண்டு மூன்று வாரங்கள் முழு ஓய்வு எடுத்தால் ஆண்டின் உழைப்பெல்லாம் வீணாகுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. அந்த வாரங்களில் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மலைப்பாதையில் நடக்கலாம். பிள்ளைகளோடு பந்து விளையாடலாம். கோடை முழுதும் வலித்துக்கொண்டிருந்த முழங்காலை மருத்துவரிடம் காட்டுவதற்கும் இதுவே காலம்.

ஓய்வுக்குப்பின் எவ்வளவு பயில்வது என்பது அடுத்த வினா. இதற்குச் சிகாகோவில் ராபர்ட் ஹிக்சன் என்பார் 1980களின் முற்பகுதியில் செய்த ஆராய்ச்சிகள் வியப்பான விடையைத் தந்தன. நாளுக்கு 40 நிமிடமாக, வாரத்தில் ஆறு நாட்கள், பத்து வாரங்கள் கடுமையாகப் பயின்றவர்களை அவர் பிறகு பல பிரிவாக்கிப் பயிற்சியைக் குறைக்கச் செய்தார். சிலருக்கு ஆறு நாட்கள் இரண்டு நாட்களாயின. சிலருக்கு 40 நிமிடம் 13 நிமிடமாயிற்று. பதினைந்து வாரங்கள் கழித்து அளந்தபோது இவ்விரு பிரிவினரும் பிராணவாயு உச்சத்தை இழக்கவில்லை. ஆனால் நாட்களையும் நிமிடங்களையும் குறைக்காமல் வேகத்தை மட்டும் மூன்றில் ஒரு பங்கு தளர்த்தியவர்களோ தாம் ஈட்டியதை இழந்தனர்.

அளவைக் குறைக்கலாம், கூர்மையைக் கைவிடலாகாது என்பது இதன் பொருள். நேரமில்லையே என்று வருந்தும் அலுவலருக்கு இதைவிட நல்ல செய்தி வேறு இல்லை. ஆனால் ஒன்று: 13 நிமிடம் மட்டுமே பயின்றவர்களிடம் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் ஆற்றல் சற்றுக் குறைந்தே போயிற்று. ஆகவே வாரத்தில் ஒருநாளாவது நீண்ட பயிற்சி வேண்டும்.

நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியர்டின் முறையை அறிந்தோர் இங்கே குறுக்கிடக்கூடும். அவருடைய மாணவர்களான பீட்டர் ஸ்னெல், மரி ஹால்பெர்க் இருவரும் 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் தங்கம் வென்றனர். பந்தயக் காலத்துக்கு முன்பு வாரம் 160 கிலோமீட்டர் ஓடி அடித்தளம் இடவேண்டும் என்பது லிடியர்டின் கொள்கை. நார்வேயில் பணியாற்றும் ஸ்டீபன் சைலர் என்ற அறிஞரும், உலகின் தலைசிறந்த படகோட்டிகளும் பனிச்சறுக்கு வீரர்களும் தம் பயிற்சிகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை மெதுவான வேகத்திலேயே செய்கின்றனர் என்று எடுத்துக்காட்டினார். இவர்கள் ஹிக்சனோடு முரண்படுகின்றனரா? முரண்பாடு இல்லை என்பதே என் கருத்து. லிடியர்டு பேசுவது புதிதாக ஈட்டுவதைப் பற்றி. ஹிக்சன் அளந்தது ஈட்டியதைக் காப்பதைப் பற்றி. நாள் முழுதும் பயிற்சிக்கே ஒதுக்கக்கூடியவர் லிடியர்டின் வழியில் செல்லட்டும். வாரத்துக்கு ஆறு மணி நேரமே உடையவர், ஒரு நீண்ட மெதுவான பயிற்சி, ஒரு குறுகிய விரைவான பயிற்சி, மற்றவை எளியவை என்று அமைத்துக்கொள்வதே தக்கது. மெதுவான வேகம் எது என்று அறியக் கருவி வேண்டியதில்லை. பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அது மெதுவான வேகம். ஒவ்வொரு சொல்லாகத் துண்டித்துப் பேச நேர்ந்தால் அன்று.

மூன்று கலைகளுள் பனிக்காலத்துக்கு மிகப் பொருந்துவது நீச்சல். நீச்சல் குளம் வெதுவெதுப்பாக இருக்கும். இருட்டும் மழையும் அதனுள் நுழைவதில்லை. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதன் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. அதனால் கைவலிமையைப் பெருக்குவதைவிட, தலையைத் தாழ்த்தி இடுப்பை நீர்மட்டத்துக்கு உயர்த்தி உடலை அம்புபோல் ஆக்கிக்கொள்வதே பெரும்பயன் தரும். பழகிய கையசைவை மாற்றுவோர் சில வாரங்களுக்கு முன்னிலும் மெதுவாகவே நீந்துவர். பந்தயக் காலத்தில் யார் அதற்கு உடன்படுவார்? டிசம்பரில் உடன்படலாம்.

சைக்கிளோ இதற்கு நேர்மாறு. ஈரச்சாலையில் கண்ணுக்குத் தெரியாமல் படியும் பனிக்கட்டிப் படலம் ஒரு நொடியில் தோள்பட்டை எலும்பை முறித்துவிடும். ஆகவே பலர் சைக்கிளின் பின்புறத்தை ஒரு தாங்கியில் பொருத்தி, வீட்டு அறையிலேயே மிதிக்கின்றனர். கனடா நாட்டு லயனல் சாண்டர்ஸ் தம் சைக்கிள் பயிற்சியில் பெரும்பகுதியை இவ்வாறு அறைக்குள்ளேயே செய்து பெயர் பெற்றவர். 2017ஆம் ஆண்டு ஹவாயில் நடந்த அயர்ன்மேன் உலகப் போட்டியில் இரண்டாமவராக வந்தார். அறைக்குள் இறக்கமும் இல்லை, போக்குவரத்து விளக்கும் இல்லை. கால் ஓய்வதே இல்லை. அதனால் ஒரு மணி நேரமே நிறைந்த பயிற்சியாகிவிடும். எதிர்க்காற்று இல்லாமையால் உடல் சூடேறி வியர்வை கொட்டும். நல்ல மின்விசிறி ஒன்று முன்னால் இருக்கவேண்டும்.

ஓட்டத்தில்தான் மிகுந்த விழிப்பு வேண்டும். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் வலுப்பெறுகின்றன. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள் வலுப்பெற மாதங்கள் ஆகும். நீச்சலாலும் சைக்கிளாலும் இதயம் வலுத்த முப்போட்டி வீரருக்கு இது ஒரு பொறி. மூச்சு ஓடு என்கிறது, குதிகால் தாங்குவதில்லை. 2013ஆம் ஆண்டு டென்மார்க்கில் காட்யா ஹைனமையர் முதலியோர் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 மிகுந்தது. பிறகு ஆண்டுதோறும் குறைந்து வந்தது. மனித உடலின் ஒரு பகுதியில் உள்ள கார்பன்-14ஐ அளந்தால் அப்பகுதி எந்த ஆண்டில் உருவானது என்று கூறிவிடலாம். குதிகால் தசைநாணை அவ்வாறு ஆராய்ந்தபோது, அதன் உட்பகுதி ஏறத்தாழ முதல் பதினேழு ஆண்டுகளில் உருவாகி, அதன்பின் பெரும்பாலும் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரிந்தது. நாற்பது வயதில் ஓடுபவர் தம் பள்ளிக்கூட நாட்களில் அமைந்த தசைநாணைக் கொண்டே ஓடுகிறார்!

இதன் விலையை லீட்ஸ் நகரத்து அலிஸ்டர் பிரவுன்லீ நன்கு அறிந்தார். 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில், லண்டன் ஒலிம்பிக்குக்குச் சில மாதங்களே இருந்தபோது, அவருடைய குதிகால் தசைநாண் கிழிந்தது. தரையில் ஓட இயலாத வாரங்களில் அவர் நீச்சலையும் சைக்கிளையும் விடவில்லை. தண்ணீருக்குள் ஓடிப் பயின்றார். அவ்வாண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் ஹைட் பூங்காவில் தங்கப் பதக்கம் பெற்றார். இளவல் ஜானத்தன் வெண்கலம் பெற்றார். இதயத்தின் ஆற்றலைக் காக்க ஓட்டம் ஒன்றே வழியன்று என்பதற்கு இது நல்ல சான்று. எனினும் எல்லாரும் அலிஸ்டர் அல்லர். புல்தரையிலும் மண்பாதையிலும் வாரத்துக்கு மூன்று தடவை குறைவாக ஓடுவதும், படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்லத் தாழ்த்தி உயர்த்துவதும், எடை தூக்குவதும் மற்றவர்க்கு உகந்தவை. எடை தூக்குவதில் இன்னொரு நன்மையும் உண்டு. நீச்சலும் சைக்கிளும் உடற்பாரத்தை எலும்பின்மேல் ஏற்றுவதில்லை. எலும்பு உறுதிப்பட அப்பாரம் தேவை.

எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி பற்றியும் ஒரு சொல். பனிக்காலத்து வடக்கு வெயில் தோலில் அதனை உண்டாக்கும் வலிமை அற்றது. கனடாவின் எட்மண்டன் நகரில் அக்டோபர் முதல் மார்ச் வரை அது உண்டாவதில்லை என்று 1988ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தனர். லீட்ஸ் அதைவிடச் சற்று வடக்கே உள்ளது. இலையுதிர்காலத்திலும் பனிக்காலத்திலும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் உட்கொள்வதைப் பற்றி எண்ணிப் பார்க்குமாறு பிரிட்டனின் சுகாதாரத் துறையினர் 2016ஆம் ஆண்டு முதல் பொதுமக்களுக்கு அறிவுறுத்தி வருகின்றனர்.

சிங்கப்பூரிலும் லங்காவியிலும் முப்போட்டிக்குப் பயிலும் நம்மவர்க்குப் பனி இல்லை, இருட்டும் இல்லை. இது நல்வாய்ப்பு என்று தோன்றும். ஆனால் வடக்கே இயற்கை கட்டாயப்படுத்தித் தரும் ஓய்வை இங்கே எவரும் தருவதில்லை. நாட்காட்டியில் மூன்று வாரங்களை நாமே கோடிட்டு அடைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மார்ச்சு மாதத்தில் பகல் நீளத் தொடங்கும்போது லீட்ஸ் வீரர் மறுபடி சாலைக்கு வருகிறார். சைக்கிளிலிருந்து இறங்கியதும் ஓடிப் பழகுவது இப்போதுதான் தொடங்கும். இறங்கியவுடன் கால்கள் மரக்கட்டைபோல் இருக்கும். சில நிமிடங்களில் அது தெளியும். முதல் வாரத்தில் பத்து நிமிட ஓட்டம் போதும். அடுத்த வாரம் பதினைந்து. ஏரியில் இறங்குவதற்கு இன்னும் இரண்டு மாதங்கள் உள்ளன.