கைப்பிடி சுழற்றிய காலம்

இன்று மோட்டார் காரில் ஏறி அமர்கிறவர் ஒரு பொத்தானை அழுத்துகிறார். இயந்திரம் உடனே உயிர் பெறுகிறது. கண்ணாடி இறங்கவும் ஏறவும் ஒரு விரல் போதும். இவ்வசதிகளுக்கிடையே வளரும் நம் பிள்ளைகளிடம், "ஒரு காலத்தில் காரின் முன்னே நின்று, இரும்புக் கம்பியைச் செருகிச் சுழற்றித்தான் அதை எழுப்பினார்கள்" என்று சொல்லிப் பாருங்கள்; நம்ப மறுப்பார்கள். ஆனால், வீட்டிலுள்ள பெரியவர்களுக்கோ அச்சொல்லைக் கேட்டதும் முகம் மலரும். மறைந்துபோன அந்தப் பழைய உறுப்புகள் சிலவற்றை இங்கே நினைவுகூர்வோம்.

மணிக்கட்டை முறித்த கைப்பிடி

பழைய கார்களிலும் லாரிகளிலும் முன்புறத்தில் ஒரு துளை இருக்கும். 'ஹாண்டில்' எனப்பட்ட வளைந்த கம்பியை அதன் வழியே செருகி, இயந்திரத்தின் சுழல்தண்டோடு பொருத்திச் சுழற்ற வேண்டும். நான் சிறுவனாயிருந்தபோது, எங்கள் ஊருக்கு நெல் மூட்டை ஏற்ற வந்த பழைய பெட்ரோல் லாரியொன்று விடியற்காலையில் எளிதில் கிளம்பாது. கிளீனர் ஹாண்டில் போட்டுப் போட்டு வியர்த்துவிடுவார். நாங்கள் அருகே சென்றால் விரட்டுவார்.

அவர் விரட்டியதன் காரணம் பின்னரே விளங்கிற்று. சிலிண்டருக்குள் தீப்பொறி உரிய நேரத்துக்கு முன்பே விழுந்துவிட்டால், மேலேறிவரும் பிஸ்டன் பின்னோக்கித் தள்ளப்படும். அக்கணமே ஹாண்டில் எதிர்த்திசையில் உதைக்கும். ஆகையால் பழகியவர்கள் கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி வளைக்காமல், மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். கீழ்நோக்கி அழுத்தாமல் மேல்நோக்கியே இழுப்பார்கள். இவ்வெச்சரிக்கையை மறந்தவர்கள் மணிக்கட்டு முறிந்து துன்புற்றனர். மணிக்கட்டையொட்டிய ஆர எலும்பின் நுனியில் ஏற்படும் ஒருவகை முறிவை, ஆங்கில மருத்துவ நூல்கள் இன்றும் 'கார் ஓட்டுநர் முறிவு' என்று பொருள்படும் பெயராலேயே குறிக்கின்றன.

அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. வலிய தோள் இல்லாதோரும் அதன்பின் காரைக் கிளப்ப முடிந்தது. எனினும், பாட்டரி இறங்கிப்போகும் நாளுக்கென்று ஹாண்டில் மேலும் பல பத்தாண்டுகள் வண்டிக்குள்ளேயே கிடந்தது.

கதவோரக் கைகாட்டி

கார் திரும்பும் திசையை இன்று மினுக்கும் விளக்கு அறிவிக்கிறது. முன்னாளிலோ, கதவுகளுக்கு இடைப்பட்ட தூணிலிருந்து சிறியதொரு கை வெளியே நீளும். இரயில் நிலையத்துக் கைகாட்டியின் குழந்தை போன்ற அதனுள் மஞ்சள் விளக்கு எரியும். மோரிஸ் மைனர் காரில் 1961 வரையில் இந்த ஏற்பாடு இருந்தது. சில வேளைகளில் அது வெளிவர மறுக்கும்; டிரைவர் தூணை உள்ளிருந்து ஒரு தட்டுத் தட்டுவார். வெளிவந்த கை உள்ளே போக மறுப்பதும் உண்டு. பின்னே வருபவர் எதை நம்புவார்? எனவே, ஜன்னல் வழியே தம் கையையே நீட்டிச் சைகை காட்டியவர்கள் பலர்.

காலடியில் விளக்கு, கையடியில் கியர்

1950களின் இறுதியிலிருந்து 2014 வரை, மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் உருவான அம்பாசிடர் காரை அறியாதார் யார்? பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டைத் தழுவிய அக்காரில் நெடுங்காலம் கியர் தண்டு ஸ்டீயரிங்கின் அருகிலேயே இருந்தது. முன் இருக்கை ஒரே பலகையாய் நீண்டிருந்ததால், டிரைவருக்குப் பக்கத்தில் இருவரும், மடியில் ஒரு குழந்தையும் அமர்வது வழக்கம். எதிரே வண்டி வந்தால் முகப்பு விளக்கின் ஒளியைத் தாழ்த்தும் விசை தரையில் இருந்தது; இடக்காலால் மிதிக்க வேண்டும். முன்கதவின் முக்கோணக் கண்ணாடியைச் சற்றே திருப்பிவிட்டால் காற்று நேராக முகத்தில் வீசும். அதற்காகவே முன் இருக்கைக்குப் போட்டியிட்ட பிள்ளைகள் எத்தனை பேர்!

சில ஜீப்புகளிலும் அமெரிக்கக் கார்களிலும் மழைத் துடைப்பான் மின்சாரத்தால் அன்றி, இயந்திரம் காற்றை உறிஞ்சும் விசையாலேயே அசைந்தது. மேட்டில் ஏற வேகத்தை மிதித்தால் அவ்விசை குறையும். துடைப்பான் தளர்ந்து நிற்கும். மலைப்பாதையில், கொட்டும் மழையில், பார்வை மிகவும் வேண்டியபோதே அது கைவிட்டது.

மலையேறிய லாரி

எண்ணூரில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. ஜாம்ஷெட்பூரிலிருந்து 1954 முதல் டாட்டா மெர்சிடிஸ் பென்ஸ் லாரிகள் வந்தன. பழைய லாரிகளில் கியர் மாற்றுவதே ஒரு கலை. கிளட்சை மிதித்து, கியரை விடுவித்து, காலை எடுத்து, இயந்திரத்தைச் சற்று முடுக்கி, மீண்டும் மிதித்து அடுத்த கியரில் சேர்க்க வேண்டும். 'டபுள் கிளட்ச்' என்ற இம்முறையில் பிழை நேர்ந்தால் பற்சக்கரங்கள் அலறும். மேட்டில் கியர் சிக்காமல் வண்டி பின்னோக்கி நழுவினால், கிளீனர் குதித்தோடிப் பின்சக்கரத்தடியில் மரக்கட்டையை வைப்பார். அவருடைய கால்களின் வேகத்தில் பல உயிர்கள் அடங்கியிருந்தன.

எதை நினைந்து ஏங்குகிறோம்?

பழமையைப் போற்றும் ஆர்வத்தில் உண்மையை மறைத்தல் ஆகாது. மேற்சொன்னவற்றுள் பல, எவரையேனும் துன்புறுத்தியதாலேயே விலக்கப்பட்டன. ஹாண்டில் எலும்பை முறித்தது, கைகாட்டி ஏமாற்றியது, மடியில் அமர்ந்த குழந்தைக்குப் பாதுகாப்பு ஏதுமில்லை. அவை திரும்பி வர வேண்டுமென்று எவரும் விரும்பார்.

நாம் உண்மையில் ஏங்குவது அந்த இரும்புக்காக அன்று. இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே அதன் நோயை அறிந்த டிரைவர், கட்டையோடு ஓடிய கிளீனர், நின்றுபோன காரைத் தள்ள அழைக்காமலே வந்த வழிப்போக்கர் ஆகிய மனிதர்களுக்காகவே ஏங்குகிறோம். பொத்தான் அவர்களுடைய உழைப்பைக் குறைத்தது நன்று; அவர்களையே நாம் மறந்துவிடுவது நன்றன்று.

உங்கள் தெருவிலும் ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவர் இருப்பார். ஒரு மாலைப்பொழுதில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவரிடம் செல்லுங்கள். "ஐயா, ஹாண்டில் போடும்போது கட்டைவிரலை எங்கே வைப்பீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் விடை கூறுமுன்னே அவருடைய கை தானாக மடிந்து காட்டும்.