சாம்பலைச் சிமென்டோடு சேர்க்கலாமா?

முத்தாண்டிக்குப்பத்தைச் சுற்றிச் செம்மண் பூமி முழுக்க முந்திரித் தோப்பு. பக்கத்திலேயே நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி அனல்மின் நிலையங்கள். நெல்லிக்குப்பத்தில் 1842-இல் தொடங்கிய சர்க்கரை ஆலை. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் போனால் நெல்லும் அரிசி ஆலைகளும். கடலூர் மாவட்டத்தின் இந்தத் தொழில்கள் எல்லாமே சாம்பலை மிச்சம் வைக்கின்றன.

இதில் நிலக்கரிச் சாம்பலுக்கு வழி பிறந்துவிட்டது. கடையில் வாங்கும் பி.பி.சி. (போர்ட்லேண்ட் பொசொலானா) சிமென்ட் மூட்டையைப் புரட்டிப் பாருங்கள். எத்தனை சதவீதம் சாம்பல் கலந்திருக்கிறது என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். இந்தியத் தரவிதி 15 முதல் 35 சதவீதம் வரை அனுமதிக்கிறது. வயலிலிருந்து வரும் சாம்பலுக்கு அந்த மரியாதை இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்க வேண்டும் என்பதே என் கட்சி.

காரணம் சிமென்ட் சூளையில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரி செல்சியஸில் சுட்டால்தான், அரைத்துச் சிமென்டாக்கும் கிளிங்கர் கிடைக்கும். எரிபொருளின் புகை போதாதென்று, வேகும் கல்லும் கரியமில வாயுவை விடுகிறது. ஒரு டன் கிளிங்கருக்கு முக்கால் டன்னுக்கு மேல் வாயு. குறைக்க முடிந்த ஒவ்வொரு மூட்டையும் லாபம்தான்.

சாம்பல் எப்படி வேலை செய்கிறது? சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது, ஒட்டும் பசையோடு கொஞ்சம் சுண்ணாம்பும் மிஞ்சும். அதற்குப் பெரிய பலமில்லை. சாம்பலிலுள்ள சிலிக்கா அந்தச் சுண்ணாம்பைப் பிடித்து, அதையும் பசையாக்கும். நுண்துளைகள் அடைபடும், உப்புநீர் கம்பிவரை இறங்குவது குறையும். கடலோர மாவட்டத்துக்கு இது சின்ன விஷயமல்ல. நம் கொத்தனார்களுக்குப் புதிதுமல்ல. சுட்ட செங்கல் தூளைச் சுண்ணாம்போடு சேர்த்த சுர்க்கிக் கலவையும் இதே வேதியியல்தான். 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை அப்படித்தான் எழுந்தது.

ஒரு கணக்குப் போடலாம். ஒரு டன் நெல் அரைத்தால் ஏறக்குறைய 200 கிலோ உமி. எரித்தால் 40 கிலோ சாம்பல். அதில் 85 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா. சிமென்ட், மணல், ஜல்லி 1:1½:3 என்ற விகிதத்தில் சேர்ந்த ஒரு கனமீட்டர் கலவைக்குச் சுமார் 8 மூட்டை, அதாவது 400 கிலோ சிமென்ட் பிடிக்கும். அதில் பத்தில் ஒரு பங்கை மாற்ற, ஒரு டன் நெல்லின் சாம்பலே போதும்.

ஆனால் எல்லாம் எரிக்கிற விதத்தில் இருக்கிறது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பி.கே. மேத்தா 1970-களில் இதைத்தான் ஆராய்ந்தார். 500 முதல் 700 டிகிரிக்குள் கட்டுப்படுத்தி எரித்தால் சிலிக்கா வினைபுரியும் நிலையில் நிற்கும். சூடு எகிறினால் படிகமாகி, மணலைப் போலச் சும்மா கிடக்கும். சரியாக எரியாவிட்டால் கரி தங்கிச் சாம்பல் கறுத்துப்போகும். கறுத்த சாம்பல் தண்ணீரைக் குடிக்கும். கலவை இளக வேண்டுமென்று கொத்தனார் இன்னும் தண்ணீர் ஊற்றுவார். பலம் அங்கேயே போய்விடும். காங்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 (2000) தரவிதி உமிச்சாம்பலை அனுமதித்தாலும், தரம் கெட்ட சாம்பல் வண்டல் மண் அளவுக்குக் கெடுதல் செய்யும் என்று எச்சரிக்கிறது. ஒவ்வோர் இடத்துச் சாம்பலையும் தனித்தனியே சோதிக்கவும் சொல்கிறது.

கரும்புச் சக்கைச் சாம்பலிலும் இதே கதைதான். சென்னை ஐ.ஐ.டி.யில் பகுருதீனும் பேராசிரியர் மனு சந்தானமும் செய்த ஆய்வில், நார்நாராக எரியாமல் நின்ற சக்கையை 300 மைக்ரான் சல்லடையில் சலித்து நீக்கி, மீதியைச் சிமென்ட் அளவுக்கு நைசாக அரைத்தபோது நல்ல பலன் கிடைத்தது. சலிப்பதும் அரைப்பதும் நம் ஆலைகளால் முடியாத வேலையா?

முந்திரி ஓட்டுச் சாம்பல் வேறு ரகம். சிலிக்கா குறைவு, பொட்டாசியம் போன்ற காரங்கள் அதிகம். காரம் மிகுந்தால் சில வகை ஜல்லியோடு வினைபுரிந்து காங்கிரீட்டை விரிசல் விடவைக்கும். கையருகே கிடைக்கிறது என்பதற்காக அதைக் கலவையில் சேர்க்கக் கூடாது.

அரிசி ஆலைகளும் சர்க்கரை ஆலையும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கட்டடப் பொறியியல் துறையோடு சேர்ந்து, முதலில் நடைபாதைக் கல், வேலிக்கால் போன்றவற்றில் சோதித்துப் பார்க்கட்டும். வீட்டுத் தளம் அப்புறம்.

வீடு கட்டுகிறவர்களே, வேலை நடக்கும் இடத்தில் யாரும் சாம்பலைக் கொட்டிக் கலக்க விடாதீர்கள். பி.பி.சி.யில் ஏற்கெனவே சாம்பல் இருக்கிறது. மேலும் போட்டால் அது பிடிக்கச் சுண்ணாம்பு போதாது. சாம்பல் கலந்த சிமென்ட் மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். ஏழு நாளில் நிறுத்தாமல், குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் தளத்துக்குத் தண்ணீர் விடுங்கள்.