கடைத் தொட்டியில் கடல் மீன்: எதை வாங்குவது, எதை விடுவது?



நம் உறுப்பினர்கள் பலர் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் மீன் தொட்டி வைத்திருக்கிறார்கள். வாஸ்துவுக்காக வைத்தவரும் உண்டு, அழகுக்காக வைத்தவரும் உண்டு. இப்போது சிலர் தங்கமீனை விட்டுக் கடல் மீனுக்கு மாற ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசையில் நஷ்டப்பட்டவன் நான். நெமிலிச்சேரி கடையில் 2 அடித் தொட்டி வைத்து, ஒரே நாளில் ஏழு மீன்களை வாங்கி விட்டேன். ஐந்தாம் நாள் காலை ஷட்டரைத் தூக்கியபோது ஒன்றுகூட உயிரோடு இல்லை. பணம் போனதைவிட, "ஏன் தாத்தா செத்துப்போச்சு?" என்று பேரன் கேட்டதுதான் வருத்தம். அதன் பிறகு கேட்டும் படித்தும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

கிடங்கின் அளவு

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டியின் கொள்ளளவு சுமார் 56 லிட்டர். மணலும் கல்லும் போக 50 லிட்டர்கூட நிற்பது கடினம். மீனின் கழிவிலும் மிச்சத் தீனியிலும் அம்மோனியா என்ற விஷம் உண்டாகிறது. மணலிலும் கல்லிலும் வளரும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் விடாமல், தினம் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு வர வேண்டும். சோதனை மருந்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று தெரிந்த பிறகே கொள்முதலுக்குக் கிளம்பலாம். நான் செய்த முதல் தவறு இந்த அவகாசம் தராதது.

நம் கடை உப்பு உதவாது

மூட்டை மூட்டையாக உப்பு இருக்கிறதே என்று எண்ண வேண்டாம். உப்பளத்தில் உப்பு விளைந்த பின் மீந்து நிற்கும் கசப்பு நீரிலேயே மெக்னீசியம் பெரும்பாலும் தங்கிவிடுகிறது. கல்லுப்பில் அது போதிய அளவு இராது. தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்புக் கலவையை லிட்டருக்குச் சுமார் 35 கிராம், அதாவது 50 லிட்டருக்கு 1¾ கிலோ, கலக்க வேண்டும். ஹைட்ரோமீட்டர் 1.025 அளவில் நிற்க வேண்டும். வெயிலில் நீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே இருக்கும். ஆகவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றுக.

வாங்கத் தக்கவை

முதலில் நாலைந்து நத்தைகள். கண்ணாடியில் படியும் பாசியை அவை தின்னும். இரண்டு வாரம் கழித்து ஒரு ஜோடி கிளவுன் மீன். 2003-ல் வந்த படத்தினால் பிள்ளைகள் இதை நீமோ என்கிறார்கள். இது 3 அங்குலம், சற்றுக் கூடுதலாகவும் வளரும். இம்மீன் பிறக்கும்போது ஆண்தான். சேர்ந்து வாழ்பவற்றில் பெரியது பெண்ணாக மாறிவிடும். எனவே ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இரண்டு குஞ்சுகள் வாங்கினால் போதும். மூன்றாவதைச் சேர்த்தால் சண்டைதான். கடைசியாக ஒரு கிளீனர் இறால். இவ்வளவுதான் இந்தத் தொட்டியின் முழு இருப்பு.

கடலில் பிடித்ததை விட்டு, பண்ணையில் பொரித்ததைக் கேட்டு வாங்குங்கள். அது தொட்டி நீருக்கும் காய்ந்த தீனிக்கும் பழகியிருக்கும். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் கிளவுன் மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறது.

நெமிலிச்சேரியிலிருந்து மின்சார ரயிலில் வில்லிவாக்கம் போய் இறங்கினால் கொளத்தூர் வண்ண மீன் கடைகள் அருகில்தான். மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்க்காமல் அரிசி வாங்குவோமா? அதுபோல், நம் கண்முன் தீனி போடச் சொல்லுங்கள். தின்னாத மீன், வேகமாக மூச்சு வாங்கும் மீன், வெள்ளைப் புள்ளி விழுந்த மீன் வேண்டாம்.

வாங்கக் கூடாதவை

நீல நிற டாங் மீன் குஞ்சாக இருக்கும்போது இரண்டு அங்குலம், வளர்ந்தால் ஓர் அடி. சிங்க மீனும் பெரிதாக வளரும், அதன் முள்ளில் விஷம் உண்டு. டாம்செல் மீன் விலை மலிவு, ஆனால் சின்னத் தொட்டியில் மற்றதை ஓட ஓட விரட்டும். கிளவுன் மீனுக்குத் துணையாகக் கடல் சாமந்தி வேண்டும் என்பார்கள், வேண்டியதில்லை. அது செத்தால் தண்ணீர் முழுவதையும் கெடுத்துவிடும்.

கடல் குதிரையையும் பவளத்தையும் யார் எந்த விலைக்குத் தந்தாலும் தொட வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2001-ல் இவை பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அழகுக்கு வாங்கி வைத்தேன் என்று சொன்னால் வழக்கிலிருந்து தப்ப முடியாது.

தினசரி கவனிப்பு

வாரம் 5 லிட்டர் நீரை எடுத்துவிட்டு, புதிதாக உப்புக் கலந்த நீர் ஊற்றுக. வெப்பம் 25 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நல்லது. மின்வெட்டுக்கு ஒரு பேட்டரி காற்றுப் பம்பு அவசியம். செம்பு கலந்த மருந்தை ஊற்றினால் இறாலும் நத்தையும் மடியும். தகரக் கூரையின் கீழ் அனல் அடிக்கும் கடையானால் கடல் மீன் ஆசையை விட்டு, தங்கமீனையே நன்றாக வளர்க்கலாம்.

விற்காத பருப்பை அடுத்த வாரம் விற்கலாம். உயிர்ச்சரக்கு அப்படிக் காத்திராது. என் கடையில் இப்போது இரண்டு கிளவுன் மீன்களுக்கு மூன்றாவது ஆண்டு நடக்கிறது. இன்னும் இரண்டு மீன் விடக்கூடாதா என்று வருபவர்கள் கேட்கிறார்கள். இடம் இல்லை என்று என் பேரனே பதில் சொல்லிவிடுகிறான்.