இரண்டு மீட்டர் எலும்பும் ஒரு பொடிப் பல்லும்

புதுக்கோட்டையிலோ ஆலங்குடியிலோ அண்மையில் வீடு கட்டியவரா நீங்கள்? சிமென்ட் மூட்டை அரியலூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தால், உங்கள் சுவரில் ஏறக்குறைய ஏழு கோடி ஆண்டுக்கு முந்தைய சிப்பிகள் கலந்திருக்கின்றன. அங்கே கல்லங்குறிச்சி வட்டாரத்தில் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல், கிரைஃபியா என்ற தடித்த ஓட்டுச் சிப்பிகள் அடுக்கடுக்காகச் செத்துக் குவிந்த கடலடிப் படிவு. அரைத்து, சூளையில் சுட்டு, பொடியாக்கிக் கொத்தனாரிடம் கொடுத்துவிடுகிறோம்.

நம் மாவட்டத்துக் குன்றுகளில் இப்படி எதையும் தேடிப் பயனில்லை. சித்தன்னவாசலும் நார்த்தாமலையும் திருமயமும் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவாகி இறுகிய பாறைகள். டைனோசர்களைவிடப் பல கோடி ஆண்டு மூத்தவை. குடைவரைக்கும் சமணப் படுக்கைக்கும் ஏற்ற கல்தான், ஆனால் எலும்பு அதில் தங்காது. சேறும் மணலும் மெல்ல வந்து மூடினால்தான் எலும்பு பிழைக்கும். அப்படி மூடிய இடம் காவிரியும் கொள்ளிடமும் தாண்டி, அரியலூர் பெரம்பலூர்ப் பக்கம் இருக்கிறது. டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தில் அங்கே கடல் பல முறை ஏறி இறங்கியது.

உலகுக்கு இது புதிதல்ல. இந்த வட்டாரத்துக் கல் சிப்பிகள் லண்டனுக்குப் போய், 1846-லேயே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை விவரித்து எழுதிவிட்டார். பிறகு புவியியலாளர் பிளான்ஃபோர்ட், அவருக்குப் பின் ஸ்டொலிச்கா. பிளான்ஃபோர்ட் பெயரிட்ட, அம்மோனைட் என்ற சுருளோட்டுக் கடலுயிர் வகை ஒன்று இன்றும் பிளாசென்டிசெராஸ் தமுலிகம் என்றே வழங்குகிறது. லண்டனிலும் கல்கத்தாவிலும் பட்டியல் போட்டு வைத்ததைப் அருகிலேயே இருக்கும் நாம் பாடப்புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லை.

அதன் விளைவை 2020 அக்டோபரில் பார்த்தோம். பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண் வெட்டியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. “டைனோசர் முட்டை” என்று வாட்ஸ்அப்பில் படம் பறந்தது. புவியியலாளர்கள் வந்து பார்த்து, முட்டை இல்லை என்றார்கள். செத்த அம்மோனைட்டைச் சுற்றிக் கடலடி வண்டல் கெட்டிப்பட்டு உருண்டைக் கல்லாகும். உடைத்தால் சில நேரம் உள்ளே சுருள் ஓடு தெரியும். சுருளைக் குறுக்கே அறுத்தால் தடுப்புச் சுவர்கள், அறை அறையாக. கணவாய்க்கு உறவான அந்தப் பிராணி கடைசி அறையில் மட்டும் குடியிருந்தது. மற்ற அறைகளில் வாயுவும் நீரும். அவற்றின் அளவை வைத்துத்தான் மிதப்பதும் அமிழ்வதும். முட்டையைவிட இதுதான் சுவாரசியம் என்பேன். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

நிஜ டைனோசரும் உண்டு. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த பேரெலும்புகளைப் புவியியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் 1980-களில் விவரித்து, புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். கால் எலும்பு ஒன்று மட்டும் இரண்டு மீட்டர் நீளம். முதலில் ஊன் உண்ணி என்றே நினைத்தார்கள். பின்னர்தான் நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று திருத்தம் வந்தது. உடல் எடை நூறு டன்னுக்கு மேல் என்று மதிப்பிடுவோர் உண்டு. ஆனால் அந்த எலும்பை இன்று யாராலும் அளக்க முடியாது. வெடிப்பு விட்டிருந்த எலும்பு மழை ஈரத்தில் நைந்து சிதைந்துபோனது. எலும்பே இல்லாததால், அது கல்லாகிப்போன மரமாக இருக்கலாம் என்றுகூடச் சிலர் சந்தேகித்தார்கள். 2022-ல் பழைய புகைப்படங்கள் அச்சில் வந்த பிறகே அந்தப் பேச்சு அடங்கியது.

கல்லமேட்டின் பெரிய செய்தியைச் சொன்னவை சின்னஞ்சிறு துண்டுகள். மண்ணை மூட்டை மூட்டையாக அள்ளி, நீரில் ஊற வைத்து, நுண்சல்லடையில் அலசி, மிஞ்சிய பொடியை நுண்ணோக்கியின் கீழ் மணிமணியாகப் பொறுக்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்குவது போன்ற வேலை. இங்கே வேண்டியது கல்தான். அப்படிக் கிடைத்தவற்றில் ஒன்று, இலை போல் விளிம்பு மடிந்த முதலைப் பல். மடகாஸ்கரின் சிமோசூக்கஸ் என்ற மொண்ணை மூக்கு முதலைக்கும் இதே ஜாதிப் பல். ஒரு மீட்டர்கூட நீளமில்லாத அந்த முதலை இலைதழை தின்றது என்பது பலர் கணிப்பு. கல்லமேட்டிலேயே 2001-ல் விவரிக்கப்பட்ட கூர்மடெமிஸ் ஆமையும் அந்தப் பக்கத்து உறவுதான். நம்மூர்க் குளத்தாமை தலையை நேரே உள்ளிழுக்கும். இதன் வகையறா கழுத்தைப் பக்கவாட்டில் மடிக்கும். அந்த வகை ஆமை மடகாஸ்கரில் இன்றும் நீந்துகிறது, இந்தியாவில் ஒன்றுகூட மிச்சமில்லை.

இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தது சுமார் 8.8 கோடி ஆண்டுக்கு முன். கல்லமேட்டு உயிர்கள் அதற்கும் ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டு பிந்தியவை. நடுவில் கடல் விரிந்த பிறகும் இரு கரையிலும் பங்காளிகள் வாழ்ந்திருக்கிறார்கள்.

எல்லாம் இப்படிப் பொருந்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். 2013-ல் ட்ரூடான்டிட் என்ற சிறு டைனோசரின் பல் ஒன்றும் கல்லமேட்டிலிருந்து அறிவிக்கப்பட்டது. பறவைக்கு நெருங்கிய அந்தக் குடும்பம் அதுவரை ஆசியா, ஐரோப்பா, வட அமெரிக்காவில் மட்டுமே உறுதியாகத் தெரிந்தது. இந்தியாவோ அப்போது கடல் நடுவில் தனித்துக் கிடந்த நிலம். கண்டங்கள் பிரியுமுன்பே அந்தக் குடும்பம் தெற்கே பரவியிருந்ததா, இல்லை பிற்பாடு எப்படியோ வடக்கிலிருந்து வந்து சேர்ந்ததா? ஒற்றைப் பல்லை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்பு எழுத முடியாது. இன்னும் பல் வேண்டும். அதற்கு இன்னும் பல மூட்டை மண்ணை அலச வேண்டும்.